பாட்டா வயிறும் பையன் வயிறும்

இப்போது எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பந்தி தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சடங்கு நடக்கிறது. கை கழுவும் இடத்தில் நின்றபடி ஆண்களும் பெண்களும் சட்டைப் பையிலிருந்தும் கைப்பையிலிருந்தும் மாத்திரைப் பட்டையை எடுக்கிறார்கள். கட்டைவிரலால் ஒரு அழுத்து. அலுமினியத் தாள் பொத்துக்கொண்டு மஞ்சளாக ஒரு குட்டி மாத்திரை உள்ளங்கையில் விழுகிறது. "சாப்பாட்டுக்கு முன்னால போடணும், கேட்டேளா" என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒன்று பிய்த்துக் கொடுக்கிறார். முன்பின் பழக்கமில்லாதவர்கள்கூட இதில் கணக்குப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். அந்த மாத்திரையில் இருக்கும் பான்டாபிரசோல் இரைப்பையில் கரையக் கூடாது என்றுதான் அதற்கு மேல்பூச்சு. சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் இரைப்பைச் சுவருக்கு வந்துசேர வேண்டும். அங்கே அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே வரும்போது அவை வேலையைத் தொடங்கும். வேலையில் இருக்கிற பம்பைத்தான் மருந்து பிடித்துப் பூட்டும். இலையில் பருப்பும் நெய்யும் விழும் நேரத்தில் விழுங்கினால், மருந்து போய்ச் சேர்வதற்குள் அடைப்பிரதமன் வரை எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாத்திரை போட்டாச்சு என்ற தைரியம் போதும். இரண்டாம் தடவை பிரதமன் வாங்க அந்தத் தைரியம்தான் தேவை.

பாட்டா காலத்தில் அந்தத் தைரியம் கடையில் கிடைக்கவில்லை. வயிற்றுவலிக்காரர் என்றால் ஊரில் தனியாகத் தெரியும். திண்ணையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். பாட்டாவுக்கு அது முற்றி, காலையில் தின்றது ராத்திரி அப்படியே புளித்து வாந்தியாக வரும் கட்டத்துக்குப் போனது. முன்சிறுகுடலில் புண் ஆறுவதும் வருவதுமாகத் தழும்பேறி வழி அடைபட்டால் அப்படித்தான் ஆகும். வண்டி கட்டி நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே கத்தி பிடித்தவர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுக்களில் இருந்தவர். இரண்டாவது தடவை ஆக்சிஜன் இல்லாமலே சுமார் 28,000 அடி வரை போய்வந்தவர். முதல் தடவை மலையிலிருந்து இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூரில் வைத்தியத்துக்குக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். இங்கிலாந்தில் பெரிய சர்ஜனாக ஆகவேண்டியவர் இங்கேயே வேலை செய்யத் தீர்மானித்துவிட்டார். அவர் கைக்கு அதிகமாக வந்தது வயிற்றுப்புண். அடைபட்ட இடத்தைத் தொடாமல், சிறுகுடலை மேலே இழுத்து இரைப்பையோடு சேர்த்துத் தைத்து மாற்றுவழி போட்டுக் கொடுப்பார்கள்.

பாட்டாவின் வயிற்றில் தொப்புளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. தையல் போட்ட புள்ளிகள் இரண்டு பக்கமும் வரிசையாகத் தெரியும். நாங்கள் எண்ணிப் பார்ப்போம். "எவரெஸ்ட்டு ஏறின சாயிப்பு எனக்க வயித்துக்குள்ள எறங்கிப் பாத்தவராக்கும்" என்பார். சாமர்வெல்தான் அறுத்தார் என்பதற்குப் பாட்டாவின் வாய்தான் சாட்சி. நெய்யூரில் வயிறு கீறிக்கொண்ட எல்லாருமே சாயிப்பு கையால்தான் கீறிக்கொண்டதாகச் சொல்லித் திரிந்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்த மனிதர் தூங்கியிருக்கவே முடியாது.

புண் ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மிளகாய், மரச்சீனி, வெற்றிலையோடு போட்ட புகையிலை, பங்காளிச் சண்டைக் கவலை. கவலையையும் புகையிலையையும் யாராலும் நிறுத்த முடியவில்லை. அகப்பட்டது மிளகாய். ஆபரேஷனுக்குப் பிறகு சாகும்வரை பாட்டாவுக்குத் தனிக் குழம்பு. வெள்ளையாக, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டது. ராத்திரி ஒரு செம்பு பால். பால் புண்ணை ஆற்றும் என்று உலகம் முழுக்க நம்பிய காலம் அது. குடித்த சற்று நேரத்துக்கு இதமாக இருக்கும். பின்னாலேயே பால் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் என்பது பிறகு தெரிந்தது.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் குடியிருந்த ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. முன்சிறுகுடல் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமிதான் காரணம், இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தால் போய்விடும் என்று ஆயிற்று. மிளகாய்க்கு விடுதலை கிடைத்தபோது பாட்டா இல்லை. வெள்ளைக் குழம்பு மட்டும் ஆண்டுத் திதியில் அவருக்கு இஷ்டமான பதார்த்தமாக இன்றும் படைக்கப்படுகிறது.

அப்பாவுக்குப் புண் இல்லை. எதுக்களிப்பு. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில், சாக்கு வாயில் கட்டின சுருக்குக் கயிறு மாதிரி ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அமிலம் இரைப்பையில் இருக்கும்வரை ஒரு குற்றமும் இல்லை, அதற்கென்றே அந்த இடத்தில் சுவர் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, எரியும். புண்ணும் எதுக்களிப்பும் வேறு வேறு. எங்கள் வீட்டில் இரண்டுக்கும், முதுகுப் பிடிப்புக்கும், மூச்சு முட்டலுக்கும் சேர்த்து ஒரே நோய்தான்: கேஸ்.

கேஸுக்கு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. குப்பி நாம் கொண்டுபோக வேண்டும். அப்பாவின் குப்பியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது என் வேலை. காம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து கார்மினேட்டிவ் மிக்சரை ஊற்றுவார். பிறகு ஒரு துண்டுத் தாளை நீளவாக்கில் மடித்து, கத்தரியால் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெட்டிப் பிரிப்பார். பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பல் பல்லாக இருக்கும். மைதாப் பசை தடவிக் குப்பியில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. குலுக்கிக் குடிக்க வேண்டும். இஞ்சியும் சோடா உப்பும் சேர்ந்து நாக்கிலிருந்து அடிவயிறு வரை காந்தும். கடைசிப் பல்லுக்குக் கீழே மருந்து இறங்கினால் வைத்தியம் முடிந்தது. மறுபடியும் வேண்டுமென்றால் விடியற்காலை எழுந்து போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையை நினைத்தே அப்பாவுக்குப் பாதிக் கேஸ் இறங்கிவிடும்.

இன்றைக்கு யோசித்தால் அந்தத் தாளின் பல் வெட்டில் இருந்த வைத்திய ஞானம் பெரிது. அந்த மருந்துக்கு ஒரு கடைசி இருந்தது.

பிறகு ஜெலுசில் காலம். அலுமினிய ஹைட்ராக்சைடு மலச்சிக்கலை உண்டாக்கும், மெக்னீசிய ஹைட்ராக்சைடு வயிற்றை இளக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்திருக்கிறான் என்று கணக்கு வாத்தியாரான அப்பா வியந்து சொல்வார். ஒரு சமன்பாட்டை விழுங்குகிற திருப்தி அவருக்கு. அதோடு கோலி சோடா. அடைத்த காற்றை சோடாக் காற்று வெளியே தள்ளும் என்பது நம்பிக்கை. உள்ளே போன காற்று ஏப்பமாக வெளியே வரும்போது சுருக்கைத் தளர்த்தி அமிலத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்பதைச் சோடாக் கடைக்காரர் சொல்வாரா? எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி நெஞ்சடைப்புக்கு இரண்டு சோடா குடித்து, ஏப்பம் விட்டு, "செரியாப் போச்சு" என்று படுத்தார். விடிந்து எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, வியர்வை, படி ஏறினால் மூச்சு முட்டல் என்றால் அது கேஸ் இல்லை, உடனே ஈசிஜி எடுக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. இன்றைக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. ஆனாலும் சோடாவின் இடத்தில் ஒரு கேஸ் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்கிறவர்கள் குறையவில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் மெடிக்கல் ரெப். விஞ்ஞானம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அத்தானின் தோல்பை வழியாகத்தான். பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக்கின் ஆராய்ச்சியில் பிறந்த சிமெடிடின் 1976இல் விற்பனைக்கு வந்தது. 1981இல் வந்த ரனிடிடின் அதைப் பின்னுக்குத் தள்ளி உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்தாயிற்று. 1988இல் பிளாக்குக்கு நோபல் கிடைத்தது. அதே 1988இல் ஸ்வீடனில் ஒமெப்ரசோல் வந்தது. பாட்டாவுக்குக் கத்தி வைத்துச் செய்ததை இப்போது ஒரு கேப்ஸ்யூல் செய்யும் என்று அத்தான் மேஜையில் தட்டிச் சொன்னார். அது உண்மைதான். வயிற்றைத் திறக்க வேண்டிய கூட்டம் சில ஆண்டுகளிலேயே மெலிந்துபோயிற்று. ரத்த வாந்தி எடுத்துச் செத்திருக்க வேண்டியவர்கள் பேரன் பேத்தி எடுத்தார்கள். இந்த மருந்துகளைத் திட்டுகிறவர்கள் பாட்டாவின் தழும்பைப் பார்த்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அத்தான் சாம்பிள் கொண்டுவருவார். முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் ரனிடிடின் டப்பா இருக்கும். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்ற பாகுபாடு கிடையாது. குடும்பமே வாங்கிப் போட்டது. அந்த ரனிடிடினில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் கலந்திருப்பதாக 2019இல் அமெரிக்கா எச்சரித்தது. மாத்திரை வெப்பத்தில் இருக்க இருக்க அது கூடுகிறது என்று கண்டு, 2020 ஏப்ரலில் சந்தையிலிருந்தே திரும்பப் பெறச் சொன்னது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் ரனிடிடின் போயிற்று. அத்தானிடம் கேட்டேன். "நாங்க விக்கும்போது நல்லாத்தான் இருந்தது" என்றார்.

எனக்கு மாத்திரை வந்த வழி நியாயமானது. முட்டுவலிக்கு ஒரு டாக்டர் வலி மாத்திரை எழுதினார். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், அதற்குக் காவலாகப் பான்டாபிரசோல் நாற்பது எழுதினார். அதில் ஒரு தப்பும் இல்லை. வலி மாத்திரையை இன்னொரு டாக்டர் நிறுத்தினார். காவலை யாரும் நிறுத்தவில்லை. காக்க வேண்டிய சொத்து இல்லாத வீட்டில் காவல்காரன் ஆண்டுக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். பிறகு பார்த்த ஒவ்வொரு டாக்டரும் பழைய சீட்டைப் பார்த்து, "இது வழக்கமா போடுறதா? சரி, அப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்று புதுச் சீட்டில் அதைத்தான் முதல் வரியாக எழுதினார்கள். சர்க்கரைக்கு ஒரு சீட்டு, பல்லுக்கு ஒரு சீட்டு, கண் ஆபரேஷனுக்கு ஒரு சீட்டு. எல்லாச் சீட்டிலும் பிள்ளையார் சுழிக்கு அடுத்தபடி அதுதான்.

மெடிக்கலில் சீட்டு கேட்பதும் இல்லை. பட்டையின் பின்புறத்தில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அடையாளம். மெடிக்கல் கடை அண்ணாச்சி கத்தரியால் பத்தை ஐந்தாக வெட்டும்போது வெட்டு எச்சரிக்கை எழுத்தின் குறுக்கேதான் போகும். "வெறும் நாப்பதா, டொம்பெரிடோன் சேந்ததா?" என்று மட்டும் கேட்பார். சேர்ந்தது என்றால் நல்லது என்று ஜனங்கள் சேர்ந்ததையே வாங்குகிறார்கள். டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடும் என்பதால், குமட்டல் வாந்திக்கு மட்டும், அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்படுத்தியது. இங்கே அதை வருஷக்கணக்கில் காலைக் காபிக்கு முன்னால் போடுகிறார்கள்.

மகள் வயதில் ஒரு டாக்டர்தான் என்னைப் பார்த்து முதன்முதலாகக் கேட்டார்: "சார், இதை எதுக்குப் போடுறீங்க?" நான் பழைய சீட்டுகளைப் புரட்டினேன். காரணம் எதிலும் இல்லை. ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். குறைவாக இருந்தது. சர்க்கரைக்கு நான் போடும் மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும், இதுவும் குறைக்கும், இரண்டும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்றார். சாப்பாட்டில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ளவும் அமிலம் வேண்டும். நாம் விழுங்கும் கிருமிகளைக் கொல்வதும் அதுதான். அம்மை ரசத்தில் மிளகும், மோரில் இஞ்சியும், கஷாயத்தில் சுக்கும் தட்டிப் போட்டது வயிற்றில் தீ மூட்ட. நாங்கள் காசு கொடுத்து அணைத்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்க மருந்து நிர்வாகம் பான்டாபிரசோல் ரக மருந்துகளுக்கு 2010இல் எலும்பு முறிவு எச்சரிக்கை சேர்த்தது. 2011இல் மெக்னீசியக் குறைவு. 2012இல் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு. அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சி வரும். இதெல்லாம் மருந்தோடு வரும் தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தத் தாளை எட்டாக மடித்து டப்பாவில் வைப்பார்கள். வெட்டிக் கொடுக்கும் ஐந்து மாத்திரையோடு அது வீட்டுக்கு வருவதில்லை.

அதே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் குற்றச்சாட்டுகளில் பல, மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வந்தவை. நீண்டகாலம் மாத்திரை போடுகிறவர் ஏற்கெனவே நோயாளியாகத்தான் இருப்பார். 17,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பான்டாபிரசோலும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, சுமார் மூன்று ஆண்டு கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் தெளிவாகக் கூடியிருந்தது குடல் தொற்று ஒன்றுதான். எலும்பும் சிறுநீரகமும் ஞாபகசக்தியும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தேவையிருப்பவருக்கு இது நல்ல மருந்து, தேவையில்லாதவருக்குச் சின்ன அபாயமும் வீண் அபாயம் என்றார்.

இந்த இரண்டாவது பாதி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரவில்லை. வந்தது, "கேஸ் மாத்திரை போட்டால் கிட்னி போகும், பகிருங்கள்" என்பது மட்டும். அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் யார் தெரியுமா? பிரதமனுக்காக மாத்திரை போடும் என் மைத்துனர் ஒருவர் உண்டு, அவர் இல்லை. சித்தப்பா. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை தின்பவர். முன்பு ஒரு தடவை வயிற்றில் ரத்தம் கசிந்தவர். ஊரிலேயே அந்த மாத்திரை கட்டாயம் வேண்டியவர் அவர் ஒருவர்தான். கொஞ்ச நாளில் மலம் தார் நிறத்தில் போயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். மைத்துனர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். போகுமுன் வழக்கம்போல ஒரு நாற்பது போட்டுக்கொண்டார்.

எனக்கு நிறுத்தத் தேதி குறித்துக் கொடுத்தார் டாக்டர். சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார். பம்பைப் பூட்டி வைத்திருந்த காலமெல்லாம் உடம்பு அமிலம் போதவில்லை என்று நினைத்துச் சுரக்கும் ஏற்பாட்டைப் பெருக்கி வைத்திருக்குமாம். பூட்டைத் திறந்ததும் எல்லாம் சேர்ந்து சுரக்கும். 2009இல் டென்மார்க்கில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே ரக எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளியேப்பமோ வந்தது. வெற்று மாத்திரை தின்றவர்களில் அது 15 சதவீதம். நோயில்லாதவனுக்கு மருந்தே நோயைக் கொடுத்தது. "பாத்தியா, நிறுத்தினா எரியுது, அப்பம் இது எனக்கு வேணும்" என்று ஜனங்கள் மறுபடி தொடங்குவதன் ரகசியம் இதுதான். எனக்கு நாற்பதை இருபதாக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கி, எரிந்தால் மட்டும் பழைய ஜெலுசில் வகையில் ஒரு மூடி என்று இறக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் சமன்பாடு திரும்பி வந்தது.

மருந்துக்குப் பதிலாக அவர் எழுதியது லைஃப்ஸ்டைல் மாடிஃபிகேஷன். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் ராத்திரிச் சாப்பாடு. வயிறு முட்டத் தின்னாமை. இடுப்புச் சுற்றளவைக் குறைப்பது. சாப்பிட்டதும் சாயாமல் நடப்பது. புகை கூடாது. எது தின்றால் எரிகிறதோ அதை மட்டும் விடுவது; ஒருவருக்குக் காபி, ஒருவருக்குப் பொரித்த மீன், எல்லாருக்கும் எல்லாம் இல்லை.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் முன்பே செய்தோம். அம்மை விளக்கு வைத்த கையோடு சோறு போட்டுவிடுவாள். அவளுக்கு ஆரோக்கிய நோக்கம் ஒன்றும் கிடையாது, மண்ணெண்ணெய் ரேஷன். சாப்பிட்டபின் அப்பா கோயில் வரை நடந்ததற்குக் காரணம் பக்தியும் இல்லை, வைத்தியமும் இல்லை. வீட்டில் ஃபேன் கிடையாது. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர் என்று அளவோடு உண்டதாக இப்போது பெருமை பேசுகிறோம். மீதி வயிற்றுக்குச் சோறு இல்லை என்பதுதான் விஷயம். இல்லாமையால் நடந்த ஒழுங்கு, இருப்பு வந்ததும் போய்விட்டது. அதைத்தான் இப்போது ஐந்நூறு ரூபாய் ஃபீஸ் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு வருகிறோம்.

ஒழுங்குக்குப் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்களில் சுமார் 43,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. சரியான எடை, புகை பிடிக்காமை, தினம் அரை மணி உடற்பயிற்சி, காபி டீ சோடா இரண்டு கோப்பைக்குள், காய்கறி தானியம் கூடுதலான சாப்பாடு. இந்த ஐந்தையும் எல்லாரும் கைக்கொண்டால் எதுக்களிப்புத் தொல்லையில் சுமார் 37 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று கணக்கு சொன்னது. நூற்றுக்கு நூறு இல்லை. விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், எடை காரணமில்லாமல் குறைகிறவர்கள், ரத்தம் போகிறவர்கள் எண்டோஸ்கோபி பார்க்காமல் சுக்கு வெள்ளம் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உணவுக்குழாய் புண்பட்டுப்போனவருக்கு மாத்திரைதான் வழி. ஆனால் பத்தில் மூன்றரைப் பங்கு தொல்லையைச் செலவில்லாமல் குறைக்கும் ஒரு பொருளை விற்க எந்த அத்தானும் பையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்.

செலவில்லாமல் என்று சொல்லிவிட்டேன், கட்டில் கட்டைக்குச் செலவாயிற்று. தலையணையை உயரமாக அடுக்கினால் வயிறுதான் மடங்கும், கட்டிலின் தலைமாட்டையே அரை அடி உயர்த்த வேண்டும் என்றார் டாக்டர். ஆசாரியிடம் இரண்டு கட்டை கேட்டேன். "நாலு காலுக்குல்லா வேணும்?" என்றார். ரெண்டு போதும் என்றதும் மற்ற இரண்டு கால் எப்படி ஒடிந்தது என்று துக்கம் விசாரித்தார். விளக்கிய பிறகு அயனிக் கட்டையில் கால் நழுவாமல் இருக்க நடுவே ஒரு குழி தோண்டி, சீவி, மெழுகு தேய்த்துக் கொண்டுவந்தார். தலை மேட்டில், உடம்பு சரிவில். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கும், அமிலம் ஏறாது. சித்த வைத்தியர்கள் சொல்லிவந்த இடப்பக்கத்துக்கு இப்போது ஆய்வுக்கூடத்திலும் ஆதாரம் இருக்கிறது. சரிவில் இரவு முழுக்க வழுக்கி, விடியற்காலையில் நானும் மனைவியும் கால்மாட்டில் சந்தித்துக்கொள்கிறோம். எரிச்சல் இல்லை.

எனக்குச் சொல்ல ஆள் கிடைத்ததும் மகனுக்குச் சொன்னேன். பெங்களூரில் மென்பொருள் வேலை. முப்பத்தைந்து வயதுக்குள் அவனுக்கும் தினம் ஒரு நாற்பது. ராத்திரி பதினொன்றரைக்குப் பிரியாணி வரும், பன்னிரண்டுக்குப் படுக்கை. ஏழு மணிக்குச் சாப்பிடேன் மக்கா என்றால், "ஏழு மணிக்குத்தான்பா மீட்டிங். அவங்களுக்கு அப்பதான் காலைல" என்றான். வயிறு பெங்களூரில் இருக்கிறது, சாப்பாட்டு நேரம் நியூ ஜெர்சியில். "மாத்திரைய நிறுத்த டாக்டர் தேதி குடுப்பாரு, மீட்டிங்க நிறுத்த யாருப்பா தேதி குடுப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பாட்டாவுக்குப் பங்காளிச் சண்டையை நிறுத்தவும் யாரும் தேதி கொடுக்கவில்லை.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை மியூட்டில் போட்டு, ஏழு மணிக்குத் தோசை தின்றுகொண்டே மீட்டிங். ஒரு நாள் மியூட் போட மறந்து, இரண்டாவது தோசைக்குப் பிறகு ஒரு ஏப்பம் கடல் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கத்து மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. மீட்டிங் முடிந்ததும் தனியாக அழைத்து, அக்கறையாக, தான் போடும் மாத்திரையின் பேரைச் சொன்னாராம். ஒமெப்ரசோல். அங்கே 2003 முதல் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. ஆனால் டப்பாவிலேயே போட்டிருக்கும்: ஒரு தடவைக்கு 14 நாள், மறுபடி வேண்டுமென்றால் நாலு மாதம் கழித்து.

"அப்போ உங்களுக்கு 14 நாள்ல சரியாயிட்டுதா?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"பிரமாதமான மருந்து, ஒன்பது வருஷமா போடுறேன்" என்றாராம்.